தக்காளிக் கூடைக்குப் பின்னால்

“மாமா, மேசையில உங்க ஜூஸ் இருக்கு. முலாம்பழம். ஃபிரிட்ஜுல மூடி வச்சிருக்கிறது என்னோடது. அதைத் தொட்டுறாதீங்க.”

சொல்லிவிட்டு மருமகள் குளிக்கப் போனாள்.

கிழவர் மேசையைப் பார்த்தார். கண்ணாடி டம்ளரில் இளமஞ்சள் சாறு, மேலே நுரை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவருக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் கொடுக்கிற எதிலும் ஒரு சொத்தை இருக்கும் என்பது அவர் கட்சி.

ஆயுசு பூரா லேத் பட்டறையில் நின்று இரும்பு கடைந்தவர். அடுத்தவன் அளந்து கொடுத்ததைத் தானும் ஒரு முறை அளந்து பார்க்காமல் மிஷினில் மாட்டமாட்டார். அதனால் பட்டறையில் அவருக்கு, நூல் பிசகாமல் அளக்கிற கருவியின் பெயரையே வைத்து, ‘வெர்னியர்’ என்றே பெயர். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் மறுபடி மிஷின் முன்னால் நிற்கலாம். டாக்டரோ பிடி கொடுக்கவில்லை.

“உடம்புல ரத்தம் பத்தாது பெரியவரே. மாத்திரை மட்டும் போதாது. கீரை, பீட்ரூட், நெல்லிக்காய்னு சாறு எடுத்துக் குடிங்க. ரத்தம் ஏறினாதான் ஆபரேஷன். இல்லேன்னா கட்டிலும் நாற்காலியும்தான்.”

மருமகள் முதலில் அந்தச் சாற்றைத்தான் நீட்டினாள். வெர்னியர் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“என்னம்மா இது, சாயம் போன துணியைப் பிழிஞ்ச மாதிரி? இதைக் குடிக்கணுமா, இல்ல சுவத்துக்கு அடிக்கணுமா?”

அவள் கோபப்படவில்லை. “வேணாம்னா விடுங்க” என்று தானே மடமடவென்று குடித்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவருக்கு முலாம்பழம், அவளுக்கு அந்தச் சிவப்பு. அதுவும் மூடி போட்டு, ஃபிரிட்ஜின் மூலையில்.

இதுதான் வெர்னியருக்கு உறுத்தியது. கெட்ட சரக்கை எவளாவது ஒளித்து வைப்பாளா?

போய்ச் சேர்ந்த பெண்டாட்டியும் இதே ரகம்தான். கறி எடுத்தால் அவர் தட்டில் துண்டு துண்டாகப் போடுவாள். ஈரலை மட்டும் தன் தட்டில் சோற்றுக்கு அடியில் புதைத்துக்கொள்வாள். அவர் விடுவாரா? கையை விட்டுத் தோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் மறுவேலை. “எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ!” என்று அவள் சலித்துக்கொள்வாள். கட்டினவளே அப்படி என்றால், வந்தவளை நம்ப முடியுமா?

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெர்னியர் எழுந்தார். முழங்கால் ‘கடக்’கென்றது. ஃபிரிட்ஜைத் திறந்து துழாவினார். தக்காளிக் கூடைக்குப் பின்னால் இருந்தது அந்த மூடி போட்ட டம்ளர்.

முதல் வாயில் மண் வாடை. அப்புறம் நெல்லிக்காய்ப் புளிப்பு. கடைசியில் இஞ்சி தொண்டையைச் சுண்டியது.

“அதானே பார்த்தேன்” என்று தலையாட்டிக்கொண்டார். மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஈரத் தலையோடு வந்த மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

“என் ஜூஸ் எங்க மாமா?”

“என்னைக் கேட்டா? பூனை குடிச்சிருக்கும்.”

“ஃபிரிட்ஜைத் திறந்தா?”

“இந்தக் காலத்துப் பூனை எதையும் திறக்கும்.”

“குடிச்சுட்டு டம்ளரைக் கழுவியும் வச்சிருக்கே! உங்க பிள்ளையை விட நல்ல பூனைதான்.” மேசையிலிருந்த முலாம்பழச் சாற்றை எடுத்துக்கொண்டாள். “உங்களுக்கு வேணாம் போல. நானே குடிச்சுக்கிறேன்.”

அதன்பிறகு இது தினசரி நாடகமாகிவிட்டது. அவள் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால், முட்டை அட்டைக்கு அடியில், ஒரு நாள் கொத்தமல்லிக் கட்டுக்குள். வெர்னியரும் சளைக்கவில்லை. கண் விழிக்கும்போதே, இன்றைக்கு எங்கே வைத்திருப்பாள் என்ற யோசனைதான். நாலு வார்த்தை பேசினால் வாங்குகிற மூச்சு இப்போதெல்லாம் வாங்குவதில்லை. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

டாக்டர் கவனித்தார். பரிசோதனைச் சீட்டைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“ரத்தம் நல்லா ஏறியிருக்கு பெரியவரே. அடுத்த மாசமே ஆபரேஷன் பண்ணிடலாம். திரும்ப நீங்க பட்டறைக்கே போகலாம்.”

வராந்தா பெஞ்சில் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் வெர்னியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜெயித்ததை வெளியே சொல்லாவிட்டால் அது என்ன ஜெயிப்பு?

“அந்தப் பூனை யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?”

“தெரியுமே. மீசையில சிவப்பா ஒட்டியிருக்கும்.”

அவர் கை தானாக மீசைக்குப் போனது. “தெரிஞ்சுமா தினம் இடம் மாத்தி மாத்தி ஒளிச்சே?”

“கையில குடுத்தா குடிப்பீங்களா? உங்களுக்காக அரைச்சதுதான் மாமா அது.”

வெர்னியர் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு மாதிரி சிரித்தார்.

“பலே கைகாரிதான் நீ. உன் மாமியாளுக்கே இந்தச் சாமர்த்தியம் கிடையாது. காலம் பூரா ஈரலை ஒளிச்சு ஒளிச்சு வச்சா. ஒரு நாள்கூட என்கிட்ட அவ பாச்சா பலிக்கல. இந்த வித்தையை உனக்கு எவ சொல்லிக்குடுத்தா?”

மருமகள் அவர் கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அத்தைதான் மாமா. படுக்கையில இருந்தப்ப சொன்னாங்க. ‘அந்த மனுஷனுக்கு நல்லதை நேரா நீட்டினா இறங்காதுடி, ஒளிச்சு வச்சாதான் தேடி வந்து தின்பாரு. எனக்கு ஈரல் வாடையே ஆகாது. ஆனா கல்யாணம் ஆன நாள்லேருந்து அது என் தட்டுலதான் கிடந்துச்சு’ன்னு.”