ஒற்றை வரப்பு

செல்லதுரை எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர். நான் நின்ற மூன்று தேர்தல்களிலும் எனக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர். அவருடைய பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன்.

சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. கதிர் விட்ட சம்பா வயலின் நடுவே ஒரு வரப்புதான் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியவில்லை. என் கால் சேற்றில் வழுக்கியது.

"வயல்ல இறங்கிடலாமே" என்றேன்.

"வேணாம்ணே. பயிரை மிதிச்சா அப்பா திட்டுவாரு" என்றான் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன அவர் மகன் இளம்பரிதி.

"பாதை கேட்டு மனு கொடுத்திருக்கலாமே. எம்.எல்.ஏ.ன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?"

"எழுதினோம்ணே. தெருவே கையெழுத்துப் போட்டுச்சு. அப்பா மட்டும் போடல. உங்ககிட்ட கொடுக்கவும் விடல."

"ஏன்?"

"நிலத்துக்காரருக்குச் சங்கடமா இருக்கும்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. "எவன் அந்த நிலத்துக்காரன்? பேரைச் சொல்லு. இந்த வாரமே பாதை வாங்கித் தர்றேன்."

பின்னால் வந்தவர்களின் பேச்சு நின்றது. இளம்பரிதி திரும்பிப் பார்க்கவில்லை.

"போன தேர்தல் முடிஞ்சதும் அண்ணி பேர்ல நீங்க வாங்கின நிலம்ணே இது. குத்தகைக்காரர்தான் பார்த்துக்கிறாரு. நீங்க இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

நான் வரப்பை விட்டு வயலில் இறங்கினேன்.

"பார்த்துண்ணே" என்றார் எனக்குப் பின்னால் தோள் கொடுத்தவர். "பயிர்."