கண்கட்டியோடு பெண் கேட்டு

குளிக்கிற பெண்களை எட்டிப் பார்ப்பவனுக்குத்தான் கண்கட்டி வரும் என்று ஜாவாவில் ஊரே நம்பும். பெண் கேட்கப் போகிற நேரம் பார்த்து செனோவின் இமையில் ஒரு கட்டி வந்து உட்கார்ந்தது.

"எந்த வீட்டுக் குளியலறைடா?" என்று நண்பர்கள் ஓட்டினார்கள். வெந்நீர் ஒத்தடத்துக்குக் கட்டி மசியவில்லை. டாக்டரிடம் போய்க் கீறி எடுத்துவிட்டு, கண்ணில் கட்டுடன் பெண் வீட்டுக்குப் போனான்.

பெண்ணின் அப்பா டர்மோனோ வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் அவனையே முறைத்தார்.

"கண்ணுல என்ன?"

"தூசி விழுந்துடுச்சுங்க."

"தூசிக்கா இவ்ளோ பெரிய கட்டு?"

செனோவுக்கு வியர்த்துக் கொட்டியது. "கண்கட்டிங்க. அறுத்தாச்சு. சத்தியமா நான் யாரையும் எட்டிப் பார்க்கலைங்க!"

டர்மோனோ எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினார். கல்யாணம் போச்சு என்று செனோ எழப்போனான். அவர் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துக் காதருகே குனிந்தார்.

"நானும் சத்தியம் பண்ணிப் பார்த்துட்டேன். வீட்டுக்காரி நம்பாம என்னைக் கூடத்துல படுக்க வச்சிட்டா."

கண்ணாடியை மெல்ல உயர்த்தினார். இமையில் பட்டாணி அளவுக்குக் கட்டி.

"அறுக்குறப்ப ரொம்ப வலிக்குமா, மாப்பிள்ளை?"