ஏழாவது வீட்டுத் துணி

"ஏம்மா கிருஷ்ணவேணி, ரெண்டு தரம் எண்ணிட்டேன். ஆறு துணிதான் இருக்குது. எங்க வீட்டுத் துணி எங்க?"

நான் கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். தறிச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி வந்த கொரலு, என்ன பண்றது?

வெசயம் இதான். நாளன்னிக்கு என் பேத்திக்குக் காது குத்து. ஏழு வீட்டுத் துணியச் சேத்து ஒரு சுருக்குப் பை தெச்சுக் குடுத்தா கொழந்தைக்கு ஆயுசு கெட்டின்னு எங்க தெருவுல ஒரு பேச்சு. மேல ஒட்டுத் துணி, நடுவுல பழைய மெல்லிசு வாயில் பொடவை ரெண்டு மடிப்பு, குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமா தையல், பை வாயில இழுத்துக் கட்ட நாடா. மெத்தை கணக்கா இருக்கும். பால் பாட்டில வெச்சா சீக்கிரம் ஆறாது. என் புள்ளைக்கும் அப்ப ஒண்ணு தெச்சோம். எலி கடிச்சிட்டுது. அது வேற கதை.

கிருஷ்ணவேணி எங்க தெரு டெய்லரு. பிள்ளையார்பாளையத்துல பாதிக் கல்யாண ஜாக்கெட்டு அவ தெச்சதுதான். மீந்த துணியத் திருப்பிக் குடுத்தான்னு சரித்திரமே இல்ல. அதனால ஏழு வீடு ஏறி எறங்க வேணாம், அவ மூட்டையப் பிரிச்சாப் போதும்.

இஸ்திரியும் அவளேதான். நான் போனதே என் புள்ளை உதயகுமாரோட கல்யாணப் பட்டு வேட்டிய இஸ்திரிக்குக் குடுக்கத்தான். பொண்ணு வீட்டுல செஞ்ச வேட்டி. அவங்களும் ஐயம்பேட்டையில தறிக்காரங்க. கல்யாணத்தன்னிக்கு அந்த வேட்டித் தட்டை வாங்குனப்ப எங்க வூட்டுக்காரரு ஒரு தரம் தூக்கிப் பாத்துட்டு தனக்குள்ள சிரிச்சிக்கினாரு. அவ்ளோ திருப்தி மனுசனுக்கு.

சரி, பைக்கு வர்றேன். தையல்நாயகி வீட்டு அரக்கு, எதிர் வீட்டு மயில் கழுத்து, வாத்தியார் வீட்டு வாடாமல்லின்னு பளபளங்குது. கொழந்தையோட சொந்த வீட்டுத் துணிய மட்டும் காணோம்னா எப்படி?

"உள்ள வெச்சுத் தெச்சிட்டேன் பெரிம்மா." கிருஷ்ணவேணி தலையே நிமிரல.

"உள்ளயா? கிழிஞ்ச வாயில் பொடவையோடயா? மருமவளுக்கு நாங்க எடுத்த முகூர்த்தப் பொடவைம்மா அது! மாம்பழ மஞ்சள்! அசல் பட்டு, அசல் ஜரிகை!"

பக்கத்துல ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்த தையல்நாயகி, "விடுக்கா. உள்ள இருந்தா என்னா, வெளிய இருந்தா என்னா?"ன்னா.

"உன்னுது வெளிய இருக்குதில்ல? நீ பேசுவே!"

மூட்டையில மஞ்சளா ஒரு துண்டு எட்டிப் பாத்துது. இழுத்து இஸ்திரி மேசை மேல போட்டேன்.

"இந்தா. நல்லாத் தேச்சு, நட்ட நடுவுல வெச்சுத் தை."

"வேணாம் பெரிம்மா. சூடு தாங்காது."

"பட்டு ஏம்மா சூடு தாங்காது?"

கேட்டுட்டேன். கேட்டப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்துது.

உங்களுக்கு மட்டும் சொல்றேன். கல்யாண வருசம் நாலு மாசம் நெய்யறதுக்குப் பாவு நூல் வரல. தறி சும்மா கெடந்துது. கல்யாணத் தேதி சும்மா கெடக்குமா? மெட்ராஸ் போயி பாலிஸ்டர்ல ஒண்ணு எடுத்தாந்தேன். பட்டுப் பொடவைப் பெட்டியில வெச்சுத் தட்டுல அடுக்கிட்டேன். எப்ப மாட்டுவோமோன்ற பயத்துல, அவங்க வெச்ச தட்டுல என்ன இருந்துதுன்னு கூட நான் சரியாப் பாக்கல. ரெண்டு வருசமா அசலு அசலுன்னு சொல்லிச் சொல்லி, அந்தப் பொய்யி எனக்கே நெஜமாப் பூடுச்சு. இஸ்திரிப் பெட்டி கேக்குமா?

கிருஷ்ணவேணி என் மூஞ்சியப் பாத்தா. கையை நீட்டி இஸ்திரிப் பெட்டி சுவிட்ச அணைச்சா.

"கரண்ட் பூடுச்சு பெரிம்மா."

தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கினு இருந்துது.

தையல்நாயகியும் ஃபேன அண்ணாந்து பாத்துட்டு, "ஆமாக்கா, காலையிலருந்து வர்றதும் போறதுமா இருக்குது"ன்னா.

அப்படின்னா தெருவுக்கே தெரியும். எங்க வூட்டு ஆளு சொல்லாம கிருஷ்ணவேணி தானா அத ஒளிச்சுத் தெச்சிருக்க மாட்டா. கொண்டாந்த வேட்டியத் தூக்கிக்கினு வந்த வழியே திரும்பிட்டேன்.

வூட்டுல மருமவ கலைவாணி தூளிய ஆட்டிக்கினு இருந்தா.

"மஞ்சத் துணிய வெளிய வெக்க வேணாம்னு கிருஷ்ணவேணிகிட்ட சொன்னது நீயாம்மா?"

"நான்தான் அத்தை."

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"பொடவைய உடுத்திக்கினப்பவே தெரியும். தறிக்காரன் பொண்ணு இல்லியா நானு? எங்கப்பாவுக்கு அதுக்கும் முன்னாடியே. தட்டைத் தூக்குனவுடனே எடையிலயே கண்டுக்கினாரு."

வேட்டியும் கையுமா தூளிக்குப் பக்கத்துல உக்காந்துட்டேன்.

"தெரிஞ்சும் சபையில ஒரு வார்த்தை கேக்கலியேம்மா! உங்கப்பாவுக்கு எவ்ளோ பெரிய மனசு!"

கலைவாணி என் கையில இருந்த பட்டு வேட்டியவே பாத்துக்கினு இருந்தா. மெதுவா வாங்கி பீரோவுல பழையபடி வெச்சா.

"பெரிய மனசெல்லாம் இல்ல அத்தை. இதுவும் சூடு தாங்காது."