பத்திரத்தில் இருந்த பெயர்

"அந்தப் பொம்பளை என் கல்யாணத்துக்கு வரக்கூடாது. வந்தா நான் மணையில உட்கார மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தவமணி செருப்பை மாட்டினாள்.

"பெத்தவளைப் போய் அந்தப் பொம்பளைங்கிறியே," என்றாள் பூவம்மா. இவள் வளர்த்தவள்.

விஷயம் இதுதான். கல்யாணத்தைச் சர்க்காரில் பதிய வேண்டும் என்று போன வருஷம், 1961-இல், புதுச் சட்டம் வந்திருந்தது. பதிவு ஆபீஸில் பர்த் சர்டிபிகேட் கேட்டார்கள். பூவம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தாயின் பெயர் என்ற இடத்தில் டான் ஆ மொய் என்றிருந்தது.

தான் சீனக் குழந்தை என்பது தவமணிக்குத் தெரியாததல்ல. கண்ணாடி பார்த்தாலே தெரிந்துவிடும். ஜப்பான்காரன் காலத்தில் வேலாயுதமும் பூவம்மாவும் எடுத்து வளர்த்த பிள்ளை. அவர்கள் இருந்த ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மட்டும் அப்படி மூன்று வீடுகள் உண்டு. பெற்றவள் யார் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. வேலாயுதம் இருந்தவரை அந்தப் பேச்சே வீட்டில் எழுந்ததில்லை. அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது.

"யாரும்மா இது?"

"நம்ம கீரைக்காரிதான். கல்யாணத்துக்கு அவளையும் கூப்பிடணும்."

தேக்கா மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆ மொய்! அம்மாவோடு போய்த் தினம் தினம் பார்த்த முகம். "தங்கச்சி, சாப்பிட்டியா?" என்று கேட்பாள், கீரையைக் கட்டிக் கையில் கொடுப்பாள். அதைத் தாண்டி ஒரு வார்த்தை வந்ததுண்டா? இவளெல்லாம் ஒரு தாயா?

"நேர்ல போய் உறவை வெட்டிவிட்டுட்டு வர்றேன். நீ தடுக்காதே."

"தடுக்கல. ஆனா சொல்றதை அவ முகத்தைப் பார்த்துச் சொல்லு. ஆள் விட்டுச் சொல்லாதே," என்றாள் பூவம்மா.

மார்க்கெட்டில் காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. ஆ மொய் கங்கோங் கீரைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தவமணி பூவம்மா இல்லாமல் தனியே வந்து நின்றதைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"தங்கச்சி! அக்கா எங்க? உடம்பு சரியில்லையா?"

தவமணி பத்திரத்தைப் பிரித்துக் காட்டினாள். ஆ மொய்க்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் காகிதத்தை அடையாளம் தெரிந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள், தொடவில்லை.

"கல்யாணத்துக்கு வராதே. நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தாலும் வராதே. உனக்கும் எனக்கும் இன்னையோட முடிஞ்சுது. இனிமே நானும் இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"சரி லா, தங்கச்சி."

அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. தவமணிக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பவும் சரிதானா! என்னைத் தூக்கிக் கொடுத்தப்பவும் இப்படித்தானே சொல்லியிருப்ப? பத்தொன்பது வருஷம்! பத்து நிமிஷம் நடந்தா எங்க வீடு. ஒரே ஒரு நாள் என்னைத் தேடி வந்திருப்பியா?"

பக்கத்துக் கடை அப்துல் கஃபார் தராசைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்தார்.

ஆ மொய் தணிந்த குரலில் பேசினாள்.

"வரல. உங்கப்பா சத்தியம் வாங்கினாரு. என் பெரிய பையன் தலையில கை வெச்சு. வீட்டுக்கு வரமாட்டேன், பிள்ளையைத் தேடமாட்டேன், அம்மான்னு வாயைத் திறக்கமாட்டேன்னு. அவர் மேல தப்பு இல்ல. ரெண்டு பக்கமும் இழுத்தா பிள்ளை என்ன ஆகும்? என் வீட்டுக்காரரை ஜப்பான்காரன் லாரியில ஏத்திட்டுப் போயிட்டான். உனக்குக் கொடுக்க என்கிட்ட பால் இல்ல. சரின்னுட்டேன்."

"அப்ப முதல்ல வெட்டிவிட்டது நீதான்."

"ஆமா, நான்தான். இனிமே உன்னைப் பார்க்கவே முடியாதுன்னுதான் நினைச்சேன். உன்னைக் கொடுத்த எட்டாம் நாள் காலையில அக்கா இங்க வந்து நின்னாங்க. இடுப்புல நீ."

தவமணி பத்திரத்தை மடித்தாள். ஆ மொய் மேலே சொன்னாள்.

"ஒரு கட்டுக் கீரைக்கு அரை மணி நேரம் பேரம் பேசினாங்க. சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. என்கூட சண்டை போட்டுக்கிட்டே உன்னை இந்தப் பலகையில உட்கார வெச்சாங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். மறுநாளும் வந்தாங்க, அதுக்கு மறுநாளும் வந்தாங்க. உனக்குப் பல் முளைச்சது, அம்மை போட்டு எழுந்தது, முதல் முதல்ல ஸ்கூல் சட்டை போட்டது, எல்லாம் நான் இங்க உட்கார்ந்தே பார்த்தேன்."

தவமணிக்கு அந்தக் காலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அம்மா பேரம் பேசியே மானத்தை வாங்குகிறாளே என்று அவள் கூனிக் குறுகி நின்ற காலைகள். மீன்கடையிலும் மளிகைக்கடையிலும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருபவள்தான் அம்மா. அப்பா ஒரு அதட்டல் போட்டால் அடுக்களைக்குள் போய்விடுவாள். பத்தொன்பது வருஷம் கூடவே இருந்தும் அவளைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. ஒரு மனுஷியால் இவ்வளவு பெரிய மனசோடு, இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியுமா?

"அப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுபோச்சு. ஒருநாள் இங்கயே வந்து, செஞ்ச சத்தியம் என்ன ஆச்சுன்னு சத்தம் போட்டாரு. நான் நடுங்கிப்போயிட்டேன். அக்கா மட்டும் அசையல. கீரையைக் கூடையில போட்டுக்கிட்டே சொன்னாங்க: 'சத்தியம் பண்ணினவ வரலைங்க, நான்தான் கூட்டிட்டு வர்றேன். என்கிட்ட நீங்க சத்தியம் எதுவும் வாங்கலையே.'"