பதினெட்டாவது அனானி

என் மச்சானின் மானத்துக்கு நான் சொன்ன விலை ஐந்து பின்னூட்டங்கள்.

அவர் பதினேழு கேட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துப் போட்டிகளுக்கு விசில் ஊத இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அந்தப் போட்டிகளைப் பற்றி வலைப்பூ எழுத நான் ஒருவன்தான். ஒரே குடும்பத்தில் இரண்டு ஏகபோக வியாபாரம்.

போன ஞாயிறு அரையிறுதி. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, தடுப்பாட்டக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டதென்று மச்சான் பெனால்டி கொடுத்தார். கோல். நான் ஆதரிக்கும் அணி வெளியே.

என் பெயர் போட்ட கட்டுரையில் 'நடுவரின் துணிச்சலான முடிவு' என்று எழுதினேன். வீட்டில் சாப்பாடு வேண்டுமே.

கீழே பெயர் போடாத அனானிகள் புகுந்துவிட்டார்கள். பதினேழு பின்னூட்டங்கள். வழக்கமாக இரண்டு வரும். அதில் ஒன்று முடி வளரும் தைலத்துக்கு விளம்பரம். 'ஊரே இரண்டுபட்டு நிற்கிறது' என்று என் சூட்கேஸ் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சூட்கேஸ் வாங்காமல் போனார்.

இன்று மாலை மச்சான் கடைக்குள் வந்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தார்.

"அனானிங்களுக்குக் கதவைச் சாத்துங்க மாப்ள. வந்த பதினேழையும் தூக்குங்க. இல்லேன்னா ஃபைனலுக்கு வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

நான் பேரம் பேசும் வீட்டில் பிறந்தவன். கேட்ட விலைக்குக் கொடுத்தால் எனக்குச் சோறு இறங்காது. "அஞ்சைத் தூக்கறேன்" என்றேன். மடிக்கணினியை ஒரு பெரிய சூட்கேஸின் மேல் வைத்து, பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன்.

'நடுவருக்குக் கண்ணாடி வாங்க உண்டியல் வைப்போமா?'

"தூக்குங்க."

"தமாஷு மச்சான். நல்லாத்தானே எழுதியிருக்கான்?"

அடுத்தது: 'இப்படி ஒரு நடுவர் கிடைக்க இந்த ஊர் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.' அழிக்க விரலைக் கொண்டுபோனேன்.

"அது… இருந்துட்டுப் போகட்டும்."

இப்படியே போனது. புகழ்ந்தவை எட்டு, அதில் ஒன்றைக்கூட அவர் விடுவதாக இல்லை. திட்டியவை ஒன்பது, அதில் ஒன்றைக்கூட விட எனக்கு மனசு வரவில்லை. கருத்துச் சுதந்திரம் என்றேன். ஜனநாயகம் என்றேன். தரமான நகைச்சுவைக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்றேன்.

திட்டியவற்றில் ஒன்று மட்டும் வாசிக்க மிச்சமிருந்தது. 'கோல் கம்பத்தை ஒட்டி நின்று பார்த்தேன். பந்து பட்டது மார்பில். கையில் அல்ல.'

மச்சான் 'தூக்குங்க' என்று சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"இவன்தான் மாப்ள என்னைத் தூங்க விடல. மத்தவனுங்க ஏதோ வயித்தெரிச்சல்ல எழுதுறானுங்க. இவன் கிட்ட நின்னு பார்த்திருக்கான். கையில பட்டதைப் பார்த்துத்தான் ஊதினேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. என் கண்ணையே நம்பாம நான் எப்படி ஊதுறது?"

எதிர்விலையே சொல்லாமல் கேட்ட விலைக்குக் கொடுத்தேன். இத்தனை வருட வியாபாரத்தில் இதுதான் முதல்முறை.

"சாத்திடலாம் மச்சான்," என்றேன். "பதினேழும் போகட்டும்."

'பெயரில்லாதவர்களும் கருத்திடலாம்' என்ற வரிக்கு எதிரே இருந்த டிக்கை எடுக்கப் போனேன். அதற்குள் பக்கத்தின் மூலையில் பதினேழு பதினெட்டாக மாறியது.

அவர் என் கைகளைப் பார்த்தார். நான் அவர் கைகளைப் பார்த்தேன்.

என்னுடையவை அவர் கண்ணெதிரே இருந்தன. அவருடையவை இரண்டும் முழங்கால்மேல் இருந்தன. என் வலைப்பூவை வெளியாள் ஒருவர் படிக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

'பந்து என் கையில்தான் பட்டது. ரெஃப்ரி ஊதினது சரி. பேர் போட்டால் டீமில் இருக்க முடியாது. அதனால்தான் இப்படி.'

மச்சான் இரண்டு முறை மனசுக்குள் படித்தார். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு எழுந்து, விசிலைச் சட்டையில் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"கதவு திறந்தே இருக்கட்டும் மாப்ள."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கோல் கம்பத்தை ஒட்டி நின்னானே ஒருத்தன், அவனைப் பார்த்தா எனக்காக ஒண்ணு கேளுங்க. அன்னைக்கு சோடா ஜில்லுனு இருந்துச்சான்னு."

பெனால்டி கொடுத்த அந்த நிமிடத்தில் நான் மைதானத்தின் மறுகோடியில், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, சோடா வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தேன். அதையும் பார்த்திருக்கிறார், கண்ணாடி தேவைப்பட்ட நடுவர்.

அவர் போனபின் உட்கார்ந்து கணக்கை முடித்தேன். மொத்தம் பதினெட்டு. அவர் எழுதியது எட்டு. நான் எழுதியது ஒன்பது. இரண்டுபட்டு நின்ற ஊர் எழுதியது ஒன்று.

பாக்கி, ஒரு மன்னிப்பு. அதை என் பெயரில் போடுவதா, அனானியாகப் போடுவதா என்று எனக்கும் எனக்கும் நடக்கிற பேரம்தான் இன்னும் படியவில்லை.