பார்சலின் பொம்மைகள்

"விடிஞ்சா நெஞ்சைத் திறக்கப் போறாங்க. நீங்க என்னடான்னா நாய்க்குத் தீனி அடைச்சிட்டு இருக்கீங்க."

மனைவி சமையலறை வாசலில் நின்றபடி சொன்னாள். மனிதர் சோறு, கோழி, கேரட் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, மேடையில் நிறுத்தியிருந்த ரப்பர் பொம்மைகளின் வயிற்றுக்குள் கரண்டியால் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த பொம்மைகள் போதாதென்று புதிதாக வேறு வாங்கி வந்திருந்தார்.

நாயின் பெயர் பார்சல். அவர் வேலை பார்த்த பார்சல் ஆபீஸில், யாரும் கேட்டு வராத ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த குட்டி. புருஷன் பெண்டாட்டி இருவரைத் தவிர வேறு யாரையும் கிட்டே சேர்க்காது. வீட்டில் ஆளில்லாவிட்டால் கதவைப் பிறாண்டி நகமெல்லாம் ரத்தமாக்கிக்கொள்ளும். அதனால் வெளியே கிளம்பும்போது கூண்டில் விட்டு, கூடவே ஒரு பொம்மையையும் கொடுப்பார்கள். உள்ளே இருப்பதை நக்கி நக்கி எடுப்பதற்குள் அதற்குப் பொழுது போய்விடும்.

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கறப்ப அது பாவம்ல" என்றார் அவர்.

"நான் பாவமில்லையா?"

அவர் பொம்மைகளை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அடுக்கினார். கீழ் வீட்டு டெய்லரிடம் போய், "நாய் கத்தினா எங்க வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து படுத்துவிட்டார்.

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. பிழைப்பாரா மாட்டாரா என்று அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். 'பயப்படாதே' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. நாய்க்குச் செய்ய வேண்டியது மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் ஆபரேஷன் முடிந்தது. ஆனால் எதையும் இப்போதைக்குச் சொல்ல முடியாது, ஓரிரண்டு நாள் போகட்டும் என்றுவிட்டார் டாக்டர். ஐ.சி.யூ. வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

"நான் இருக்கேன்ல அண்ணி. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுத்துட்டு வாங்க" என்றாள் நாத்தனார்.

"அவர் கண்ணு முழிக்கிற வரைக்கும் நகர மாட்டேன்."

"உங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. பச்சத் தண்ணி பல்லுல படாம உட்கார்ந்து, சர்க்கரை இறங்கி, மயங்கி விழுந்தீங்க. அத்தையைப் பார்க்கறதா உங்களைப் பார்க்கறதான்னு அண்ணன் அல்லாடிப் போயிட்டாரு."

"மாட்டேன்னா மாட்டேன். விடு."

அப்போதுதான் டெய்லர் போன் செய்தார்.

"அக்கா, நாய் ஒரே கத்தல். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்குது. கூண்டைப் போட்டு உலுக்குது போல."

வேறு யாரையும் அனுப்பவும் வழியில்லை. வைதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள்.

கூண்டுக்குள் பொம்மை காலியாகக் கிடந்தது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் வரை தாங்குகிற பொம்மை. ஃப்ரிட்ஜிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் பொலபொலவென்று கையில் கொட்டிவிட்டது. எப்போதும் கரண்டிக் காம்பால் குத்திக் குத்தி இறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கித்தான் கொடுப்பார். ஆயுசு முழுக்கப் பார்சல் கட்டின கை அது.

"மனசு எங்கயோ இருந்தா வேலை இப்படித்தான் இருக்கும்" என்று நாயிடம் சொன்னாள்.

நாயை வெளியே விட்டுத் திரும்பக் கூட்டி வரும்வரை அவளால் எங்கும் கிளம்ப முடியாது. வந்ததற்குக் குளித்தாள். இருந்த சோற்றை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். நாய் அடங்கட்டும் என்று தரையில் தலையைச் சாய்த்தவள், தன்னை அறியாமல் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தும் விட்டாள்.

சாயங்காலம் மறுபடியும் போன். அடுத்த நாளும் அதே கூத்து. ஒரு பொம்மையாவது ஒழுங்காக அடைத்திருக்க வேண்டுமே! ராத்திரியில் கத்தினால் தெருவே எழுந்து உட்காரும் என்று படுக்கையும் வீட்டில்தான் என்றாகிவிட்டது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரி வாசற்படி இறங்கும்போதும், உள்ளே மயக்கத்தில் கிடக்கிற மனிதரை மனசாரத் திட்டினாள். திட்டிவிட்டு, தெருமுனை வரும்வரை அழுதாள்.

அவர் கண் விழித்தார். ஆபத்தில்லை என்று வார்டுக்கு மாற்றினார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவோ சொல்ல நினைத்துத்தான் போனாள். வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"ஒரு பொம்மையாவது உருப்படியா அடைச்சீங்களா? ஃப்ரீசர்லயும் வைக்கல. அந்த டெய்லர் போன் மேல போன். உங்க பக்கத்துல நிம்மதியா ஒரு நாள் உட்கார விட்டீங்களா? வீட்டுக்கும் இங்கயும் அலைஞ்சே என் கால் தேஞ்சு போச்சு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். குரல் மெதுவாகத்தான் வந்தது.

"சாப்பிட்டியா?"

"போனப்பல்லாம் ஏதோ ரெண்டு வாய் போட்டுக்கிட்டேன்."

"சர்க்கரை மாத்திரை?"

"அங்கதானே இருக்கு. போட்டேன்."

"தூங்கினியா?"

"அது அடங்கற வரைக்கும் நானும் கொஞ்சம் படுத்தேன். இப்ப எதுக்கு அதெல்லாம்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப பொம்மையெல்லாம் சரியாத்தான் அடைச்சிருக்கேன்."