ஹயாமாவின் கையில் ஒரு மோதிரம்

"அந்த மோதிரம் நீ பண்ணின தப்புன்னு ஊருக்கே சொல்லிடறேன், மினேகோ. அடுத்த இதழ்லயே எழுதறேன்."

ஹச்சினோஹே துறைமுகத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. காய்ந்த கணவாய் மீன்களை ஐந்தைந்தாக உறையில் போட்டுக்கொண்டிருந்த மினேகோ தலை நிமிரவில்லை.

"முதல்ல கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சென்செய். வாங்க வர்றவங்களுக்கு வழியை மறைக்கிறீங்க."

இருபத்தொன்பது வருஷம் ஆகியும் அவள் வாயில் குருவை அழைக்கும் அந்த மரியாதைச் சொல்தான் வந்தது. நிஷிவாகி தள்ளி நின்றார். கடல்காற்று அவருடைய நரைத்த தலைமுடியைக் கலைத்தது.

நிஷிவாகியின் பெயரைக் கேள்விப்படாத வீடு ஜப்பானில் குறைவு. அவர் வரையும் 'எல்லையில்லா வரைபடம்' என்ற மங்கா படக்கதை, வார இதழில் முப்பத்தொரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. தேசம் தேசமாக நடந்து வரைபடம் போடும் ஹயாமாதான் நாயகன். அவனுக்கு அறுபத்திரண்டு தொகுதி நிறைய நண்பர்கள். அவனைப் படைத்தவருக்கோ டோக்கியோவில் ஒரு வீடு, ஒரு மேசை, கடையில் வாங்கிய சோற்று உருண்டை. வாரம் பிறந்தால் இருபது பக்கம் கொடுத்தாக வேண்டும். அதில் கல்யாண வயசு எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாமல் போயிற்று.

மினேகோ அவரிடம் உதவியாளராக இருந்தவள். மூன்றாம் தொகுதிக்கான கதை ஓடிய நாட்களில், வேலை நெருக்கடியில், நாயகனின் கைகளை வரைந்து மை ஏற்றும் பொறுப்பை ஒரு வாரம் அவளிடம் விட்டார். இதழ் கடைக்கு வந்த பிறகுதான் பார்த்தார். ஹயாமாவின் இடது கை மோதிர விரலில் பளிச்சென்று ஒரு கல்யாண மோதிரம். கல்யாணமே ஆகாத நாயகனுக்கு!

"கவனத்தை எங்கே மேய விட்டிருந்த? கண் இல்லாதவளுக்கு இங்கே மேசை கிடையாது, போ!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, பேனாக்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புத்தகமாக வரும்போது மோதிரத்தை அழித்துவிடத்தான் இருந்தார். ஆனால், 'ஹயாமாவுக்கு மனைவி இருக்கிறாளா?' என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்துவிட்டன. "இருக்கட்டும், பின்னால எதுக்காவது உதவும்" என்றார் பத்திரிகை ஆசிரியர்.

போன குளிர்காலத்தில் உதவியது. கதை நகராமல் தவித்த நிஷிவாகி, பழைய மோதிரத்தைக் கையில் எடுத்தார். ஹயாமாவுக்காக ஒரு துறைமுகத்தில் இத்தனை காலமும் ஒரு மனைவி காத்திருந்தாள் என்று எழுதினார். நாடே அழுதது. 'மூன்றாம் தொகுதியில் போட்ட விதை அறுபத்திரண்டில் மரமாகிவிட்டதே!' என்று வியந்தது.

"டிவியில கேட்டாங்க, அப்பவே திட்டம் போட்டீங்களான்னு. ஆமான்னு சொல்லிட்டேன்." நிஷிவாகியின் குரல் இறங்கியது. "அன்னையிலேர்ந்து சோறு இறங்கலை. உன்னைத் துரத்தினதும் அதுக்காகத்தான். இப்ப பேர் வாங்கறதும் அதாலதான்."

"ஏம்மா, பேச்சு முடியுமா? இல்ல நான் அடுத்த ஞாயிறு வரட்டுமா?" என்றாள் வரிசையில் நின்ற ஒரு பாட்டி.

"இதோ ஆச்சு, பாட்டிம்மா." மினேகோ உறையைக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு, "படிச்சேன்" என்றாள். "எங்க பெரிய பொண்ணு மூக்கைச் சிந்திக்கிட்டே படிச்சா."

"பொண்ணா?"

"ரெண்டு பேர். அவங்கப்பா கணவாய்ப் படகுல இருக்கார். அவருக்கு வாயிலேர்ந்து ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல வராது. ஆனா, நாம சொல்றது புரியும்." இன்னொரு உறையை எடுத்தாள். "உங்க வீட்டுல?"

"எனக்கென்ன, ஹயாமா இருக்கானே" என்று நிஷிவாகி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "மேசையை விட்டு எழுந்தா என்கூடப் பேச ஒரு ஆள் இல்லை. அந்தப் பொண்டாட்டி துறைமுகத்துல நிக்கிற பக்கங்களை நானேதான் அழுதுக்கிட்டே வரைஞ்சேன். ஏன் அழறேன்னு தெரியலை."

மினேகோ அடுத்த ஐந்து கணவாய்களை அடுக்கினாள்.

"அதனாலதான் சொல்றேன். அது உன் தப்புன்னு எழுதி, உன் பேரையும் போட்டுடறேன். அந்தப் பெருமை உனக்கு வரட்டும்."

"வேண்டாம், சென்செய்."

"ஏன்?"

"அது தப்பே இல்ல."

நிஷிவாகி விழித்தார்.

"ஹயாமாவோட கையை நான் யாரைப் பார்த்து வரைஞ்சேன்னு நினைக்கிறீங்க? எதிர் மேசையில உங்க கைதான் இருந்துச்சு. அந்த விரல்லதான் மோதிரம் போட்டேன். வாயைத் திறந்து கேக்க எனக்கு தைரியம் இல்லை."

கடற்காகங்கள் கத்திக்கொண்டு தாழப் பறந்தன. நிஷிவாகி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மினேகோ?"

"சொன்னேனே, சென்செய். பதினெட்டு லட்சம் பிரதி அச்சாச்சு. நீங்க ஒருத்தர்தான் படிக்கலை."